பெட்டிக்குள் இருந்த பெயர்கள்

சுனாமிக்கு அடுத்த ஆண்டு தேவனாம்பட்டினத்தில் லாரி லாரியாகச் சாமான்கள் வந்து இறங்கின. ஃபைபர் படகு, என்ஜின், வலை, ஐஸ் பெட்டி, மண்ணெண்ணெய் ஸ்டவ், பாய், போர்வை, பள்ளிக்கூடப் பை. கூடவே ஒரு கணினியும் வந்தது. மற்றதெல்லாம் வீட்டுக்கு வீடு பிரிந்து போயிற்று. கணினி மட்டும் வெள்ளிக் கடற்கரைக்குப் போகும் சாலையில் ஓர் அறக்கட்டளை வாடகைக்குப் பிடித்திருந்த மாடி அறையில் தங்கியது. யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று எழுதி வைப்பது அதன் வேலை. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

2004 டிசம்பர் 26 காலையில் கடலூர் மாவட்டக் கரையில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதிகம் அடிபட்ட ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. அதற்குப் பிறகு இங்கே வாழ்க்கை என்பது பட்டியல் என்றாகிவிட்டது. கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு பட்டியல், ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் ஒரு பட்டியல், வந்து இறங்கிய ஒவ்வொரு தொண்டு நிறுவனத்திடமும் ஒரு பட்டியல். ஒன்றில் இருக்கும் பெயர் இன்னொன்றில் இருக்காது. ஒரே தெருவில் நான்கு செல்வி, மூன்று அஞ்சலை இருப்பார்கள். கணவர் பெயரும் ஒன்றாகவே அமைந்துவிட்டால் தாத்தா பெயர் வரை போய்த்தான் ஆளைப் பிரிக்க வேண்டும். பயத்தில் முதுநகர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்ட குடும்பங்கள் கணக்கெடுப்பு நாளில் ஊரில் இல்லை, அதனாலேயே விடுபட்டார்கள். புது வீட்டைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துக் கொடுப்பது என்று அரசு கொள்கை வகுத்திருந்ததால், பெண்ணின் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் அது பத்திரத்தில் ஏறிவிடும். எல்லாப் பட்டியல்களையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவந்து, எதிலும் இல்லாதவர் யார் என்று கண்டுபிடிக்கத்தான் அந்தக் கணினி.

கணினி மேல் கடற்கரை மக்களுக்கு ஏற்கெனவே ஒரு நம்பிக்கை இருந்தது. எங்களுக்கு வடக்கே வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் இறுதியிலேயே அறிவு மையம் தொடங்கியிருந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, கடற்கரையில் கட்டிய ஒலிபெருக்கியில் தமிழில் வாசிப்பார்கள். சுனாமி அன்று நல்லவாடு கிராமத்தில் அதே போன்ற மையத்தின் ஒலிபெருக்கிதான் மக்களை ஓடச் சொன்னது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன எச்சரிக்கை அதில் ஒலித்தது. வீடுகளும் படகுகளும் போயின, ஆட்கள் பிழைத்தார்கள். அந்தக் கதை கரை நெடுகத் தெரியும். அதனால் எங்கள் மாடிக்கு வந்த பெண்கள் கணினியைப் பார்த்து மிரளவில்லை. எதிரே உட்கார்ந்து, "எம் பேரு ஏறிடுச்சான்னு படிச்சுக் காட்டு தம்பி" என்பார்கள். படிப்பேன். சரி என்று தலையாட்டிய பிறகுதான் எழுந்து போவார்கள்.

இயந்திரம் சென்னை ரிச்சி தெருவில் கோத்து வாங்கியது. பென்டியம் 4, 512 எம்.பி. நினைவகம். அதில் போட்ட இயங்குதளம் டெபியன் 3.1, அதாவது சார்ஜ். 2005 ஜூன் மாதம்தான் வெளிவந்திருந்தது. அதற்கு முந்தைய வூடிக்குப் பின் மூன்று ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த பதிப்பு. லினக்ஸ் அப்போது எங்களைப் போன்ற ஊர்களுக்குப் பத்திரிகையோடு வந்தது. பிசி குவெஸ்ட், லினக்ஸ் ஃபார் யூ இதழ்களில் ஒட்டிவரும் சிடிகளைத்தான் கடலூரில் கைமாற்றிக்கொள்வோம். சார்ஜின் முழுத் தொகுப்பு ஒரு டஜனுக்கு மேற்பட்ட சிடிகள். சென்னையிலிருந்து நண்பர் எழுதி, ஸ்கெட்ச் பேனாவால் எண் போட்டு, பேருந்தில் கொடுத்தனுப்பினார். அதில் மைஎஸ்க்யூஎல் 4, பிஎச்பி 4, அப்பாச்சி எல்லாம் இருந்தன. உரிமத்துக்கு ஒரு பைசா இல்லை. நன்கொடையில் ஓடும் அலுவலகத்துக்கு அது பெரிய விஷயம்.

பெயர்களை உள்ளிட்டவர்கள் மஞ்சக்குப்பத்து டிடிபி கடைகளில் வேலை பார்த்த பெண்கள். கல்யாணப் பத்திரிகையும் கருமாதி நோட்டீஸும் அடித்துப் பழகிய கை. பழைய தட்டச்சு முறையில் விசைப்பலகையைப் பார்க்காமலே அடிப்பார்கள். அவர்களுக்குக் கிடைத்தவை யாரோ கொடுத்த பழைய விண்டோஸ் 98 கணினிகள். அவற்றுக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. ஆகவே 'டாப்' குறியேற்றத்தில் இருந்த எழுத்துருவைப் போட்டோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசே அங்கீகரித்த இரண்டு குறியேற்றங்களில் அது ஒன்று. ஆங்கிலத்துக்கு உரிய முதல் பாதியை விட்டுவிட்டு, மேல்பாதி இடங்களில் தமிழ் எழுத்து வடிவங்களை உட்கார வைத்த ஏற்பாடு. தரவுத்தளத்துக்கு அது தமிழ் என்று தெரியாது; கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் என்று நினைத்து வாங்கி வைத்துக்கொள்ளும். எழுத்துரு இருக்கும் கணினியில் பார்த்தால் பெயர் தெரியும். அன்றைக்கு இது குறுக்குவழியாக யாருக்கும் படவில்லை. அரசு சொன்ன தரம், ஊரில் கிடைத்த ஆள், கையில் இருந்த இயந்திரம், மூன்றுக்கும் பொருந்திய வழி அதுதான்.

கடலோரத்தில் கணினி வைத்துப் பார்த்தவர்களுக்கு உப்புக்காற்று தெரியும். ஜன்னலைச் சாத்தினால் வெக்கை, திறந்தால் உப்பு. வாடை வீசும் மாதங்களில் பெட்டியின் திருகாணி துருப்பிடிக்கும், செம்பு பச்சை கட்டும். நினைவக அட்டையைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் அதன் பொன்முனைகளைத் தேய்த்துத் திரும்பச் செருகுவோம். யூபிஎஸ் பேட்டரி சொன்ன ஆயுளில் பாதி வந்தால் அதிகம். இதையெல்லாம் செய்துகொண்டிருந்த காலத்தில் அந்த சர்வரின் ஒவ்வொரு கோப்பும் எனக்கும் என்னோடு வேலை செய்த நண்பருக்கும் மனப்பாடம். எந்த வரியை ஏன் எழுதினோம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதை வேறெங்கும் எழுதி வைக்க ஒருவரும் கேட்கவில்லை; அதற்கு ஒரு பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை.

2007 ஏப்ரலில் அடுத்த பதிப்பு எட்ச் வந்தது. பிஎஸ்என்எல் அகண்ட அலைவரிசையில் இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை அளவில்லாமல் இறக்கலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. அலாரம் வைத்து எழுந்து, ஓரோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிடிக் கோப்புகளை இறக்கினேன். மேம்படுத்த இரண்டு நாள் சர்வரை நிறுத்த வேண்டும் என்று அறக்கட்டளையில் கேட்டேன். கணக்குப் பார்த்தவர் பெரியவர், என்மேல் பிரியம் உள்ளவர். "ஓடிக்கிட்டுதானே இருக்கு தம்பி, அத எதுக்குத் தொடணும்? புராஜெக்டே மார்ச்சோட முடியுது" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை, அவருடைய தாளில் இருந்த தலைப்புகள் அப்படி. கணினி வாங்க, மேசை நாற்காலி வாங்க, தட்டச்சுக் கூலி என்று பணம் வந்தது. வாங்கியதைப் பராமரிக்க என்று ஒரு வரி இல்லை. சுனாமி நிதியில் மட்டுமா அப்படி? நான் பின்னாளில் பார்த்த பள்ளி, கல்லூரி, கூட்டுறவு அலுவலகம் எல்லாவற்றிலும் அதே தாள்தான். திறப்பு விழாவுக்கு ஆள் வருவார்கள், படம் எடுப்பார்கள். ஐந்தாம் ஆண்டில் இயங்குதளத்தை மாற்றும் நாளுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். சார்ஜுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2008 மார்ச் 31ஆம் தேதியோடு நின்றன. எங்கள் திட்டமும் அந்த நிதியாண்டோடு அதே நாளில் முடிந்தது. இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நண்பர் வெளிநாடு போனார். எனக்குச் சிதம்பரத்தில் ஒரு கணினி ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. மீட்டர் பாதையை அகலப்பாதை ஆக்குவதற்காக அந்த வழியில் ரயிலை நிறுத்தியிருந்த காலம். 2010இல் மறுபடி ஓடத் தொடங்கும் வரை பேருந்துதான். ஊருக்கு வரும்போதெல்லாம் மாடிக்குப் போய்ப் பார்ப்பேன். மகளிர் குழுக்களின் சேமிப்புக் கணக்குக்கு அந்த சர்வரைத்தான் இன்னும் பயன்படுத்தினார்கள். பெயர்ப் பதிவேடும் அதற்குள்ளேயே இருந்தது.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று. பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கிராமங்களுக்கு மின்சாரம் வரப் பல வாரங்கள் ஆயின. மாடி அறையின் ஜன்னல் பெயர்ந்து மழை உள்ளே இறங்கியது. 2005இல் வீடு வீடாகப் போய்க் கையால் எழுதிய நோட்டுகள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. பால்பாயின்ட் எழுத்து கொஞ்சம் நின்றது. மைப்பேனா எழுத்து நீலமாகக் கரைந்துவிட்டது, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. சர்வர் மேசைமேல் துணி போர்த்தி இருந்ததால் தப்பியது. காய வைத்து, தூசி ஊதி, மின்சாரம் வந்ததும் போட்டோம். எழுந்துகொண்டது. அதற்கடுத்த ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளையும் தாங்கியது. இதைக் கண்ட பிறகு அலுவலகத்தில் அதைத் தொடுவது பற்றிய பேச்சே நின்றுவிட்டது. புயலுக்கே அசையாததை நீ ஏன் அசைக்கிறாய் என்று கேட்டால் யாரும் என்ன சொல்ல முடியும்?

சொல்ல வேண்டியது இருந்தது. புயலில் தப்பியது வட்டு. அதில் இருப்பதை வாசிக்கும் உலகம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டிருந்தது. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை வெளியிட்டது. விண்டோஸ் 98 கணினிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. புதிதாக வந்த மடிக்கணினிகளில் டாப் எழுத்துரு கிடையாது. இருந்தாலும் புது உலாவிகள் அந்தப் பழைய தந்திரத்துக்கு ஒத்துவரவில்லை. பதிவேட்டைத் திறந்தால் பெயர் இருக்கும் இடத்தில் கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். ஒரு பைட் கூட அழியவில்லை. ஒரு பெயரைக் கூடப் படிக்க முடியவில்லை. எவரும் விடுபடக் கூடாது என்று நாங்கள் செய்த பதிவேட்டில் எல்லோரும் இருந்தார்கள், ஒருவரையும் கூப்பிட முடியாத நிலையில்.

2017இல் ஒரு பெண் வந்தாள். அம்மா இறந்துவிட்டார், சுனாமிக் குடியிருப்பு வீட்டின் பட்டா தானேயில் நனைந்து கிழிந்துபோயிற்று. நகல் கேட்டால் எண் கேட்கிறார்கள். எண் எங்கள் பதிவேட்டில் இருந்தது. அதே நேரம் இன்னொரு சிக்கல். மகளிர் குழுக்கள் தங்கள் பெண் குழந்தைகளுக்கு அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கியிருந்தார்கள். 2015 ஜனவரியில் வந்த திட்டம், கணக்கு தொடங்கி 21 ஆண்டில் முதிர்வு. அதற்கு ஒரு பக்கம் அந்தப் பழைய சர்வரிலேயே செய்திருந்தார்கள். 2017இல் தொடங்கிய கணக்குகளுக்கு முதிர்வுத் தேதி 1970 ஜனவரி 1 என்று அச்சாகி வந்தது. 32 பிட் இயந்திரம் நேரத்தை 1970இலிருந்து வினாடிகளாக எண்ணுகிறது. அந்த எண் 2038 ஜனவரி 19, நம் நேரத்தில் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடியோடு நிரம்பிவிடும். அதற்கு மேல் உள்ள தேதியைக் கேட்டால் பழைய பிஎச்பிக்குச் சொல்லத் தெரியாது. தொடக்கப் புள்ளியைக் காட்டிவிடும். மகள் பெயரில் மாதாமாதம் கட்டும் தாய்க்கு, அவள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே பணம் முதிர்ந்துவிட்டதாக ஒரு தாள். அந்தத் தாள்தான் அறக்கட்டளையை அசைத்தது. "வா தம்பி, தொடலாம்" என்றார் பெரியவர்.

அது மீன்பிடித் தடைக்காலம். அந்த ஆண்டுதான் தடையை 45 நாளிலிருந்து 61 நாளாக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்று நீட்டியிருந்தார்கள். அந்த நாட்களில் துறைமுகத்துக்குப் போனால் விசைப்படகுகள் கரையேறி நிற்கும். பலகை மாற்றுவதும் கலப்பத்து அடைப்பதும் வர்ணம் பூசுவதுமாக இருப்பார்கள். நன்றாக ஓடும் படகையும் ஏற்றுவார்கள். ஓடுகிறதே, ஏன் தொடணும் என்று எந்தப் படகுக்காரரும் கேட்டு நான் கேட்டதில்லை. சர்வருக்கும் அப்படி ஒரு பருவம் விதித்திருக்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

டெபியனில் ஒரு கண்டிப்பு உண்டு: பதிப்பைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. சார்ஜிலிருந்து எட்ச், எட்சிலிருந்து லென்னி, பிறகு ஸ்குவீஸ், வீஸி, ஜெஸ்ஸி. எல்லாம் 'டாய் ஸ்டோரி' படங்களில் வரும் பொம்மைகளின் பெயர்கள். ஒவ்வொரு முறையும் மூலங்களின் பட்டியலில் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயரை எழுதி, முழுத் தொகுப்பையும் மாற்றச் சொல்ல வேண்டும். ஒன்பது ஆண்டாகத் தள்ளிப்போட்டதை ஒரே மூச்சில் ஏற வேண்டியிருந்தது. நல்ல வேளையாக, காலம் முடிந்த பதிப்புகளையும் டெபியன்காரர்கள் தூக்கிப் போடுவதில்லை; ஆவணக் களஞ்சியம் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு இட்ட கையொப்பச் சாவிகளின் காலம்தான் முடிந்திருந்தது. இயந்திரம் நம்ப மறுத்து நம்ப மறுத்து நின்றது.

அசல் வட்டைத் தொடவில்லை. அதை முழுசாக நகலெடுத்து, நகலை மடிக்கணினிக்குள் மெய்நிகர் இயந்திரமாக ஓடவிட்டு அதில்தான் ஏறினோம். யார் கேட்டாலும் நான் சொல்லும் முதல் விதி இது. லென்னியில் பிஎச்பி 4 இல்லாமல் போனது. நிரலில் பாதியைத் திருத்த வேண்டி வந்தது. ஸ்குவீஸில் வட்டின் பெயரே மாறியது. எச்டிஏ என்று தேடிக்கொண்டிருந்தவனுக்கு எஸ்டிஏ என்று பதில் வந்தது. வீஸியில், படிவத்தில் எழுதியதெல்லாம் தானாகவே மாறிகளாக வந்து நிற்கும் பழைய வசதியை அடியோடு எடுத்துவிட்டிருந்தார்கள். பாதுகாப்புக்கு நல்லது, எங்கள் பக்கங்கள் வெறுமையாக நின்றன. ஜெஸ்ஸியில் அப்பாச்சி 2.4. யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் இலக்கணம் மாறிவிட்டது. தளக் கோப்புகளின் பெயர் ஒரு குறிப்பிட்ட பின்னொட்டில் முடியாவிட்டால் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

ஒவ்வொரு படியிலும் இயந்திரம் ஒரு கேள்வி கேட்கும்: இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், உங்களுடையதை வைத்துக்கொள்ளட்டுமா, எங்கள் புதியதைப் போடட்டுமா? வேறுபாட்டைக் காட்டு என்றால் இரண்டையும் வரி வரியாகக் காட்டும். 2005இல் நாங்கள் எழுதிய வரிகள் அப்படி ஒவ்வொன்றாக எதிரே வந்தன. சிலவற்றின் காரணம் உடனே தெரிந்தது. சிலவற்றுக்கு வெளிநாட்டில் இருந்த நண்பரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டேன். ஒரு வரிக்கு அவராலும் சொல்ல முடியவில்லை. அதை அப்படியே வைத்தோம்.

எழுத்து மாற்றம் தனி வேலை. தரவுத்தளத்தை நேரே யூனிகோடுக்கு மாற்று என்று சொன்னால், அது அந்த ஐரோப்பிய எழுத்துகளை அக்கறையாக யூனிகோட் ஐரோப்பிய எழுத்துகளாக மாற்றி வைக்கும். பிறகு மீட்பது இரட்டை வேலை. முதலில் அந்தப் பத்திகளை வெறும் பைட்டுகள் என்று அறிவித்து, பிறகு நம் நிரலால் டாப்பிலிருந்து தமிழுக்கு மாற்றி எழுத வேண்டும். டாப்பில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்து நிற்கும். கொம்பு முதலில், மெய் பிறகு. யூனிகோடில் மெய் முதலில். ஒவ்வொரு கெ, கே, கை, கொவையும் திருப்பி அடுக்க வேண்டும். டாப்பில் 'கு' ஓர் இடம், யூனிகோடில் இரண்டு. ஆகையால் பெயர்கள் நீண்டன. 2005இல் சிக்கனமாக வகுத்த அகலத்துக்குள் நீளப் பெயர்கள் அடங்கவில்லை. தரவுத்தளம் சத்தம் போடாமல் வாலை நறுக்கிவிட்டது. கிருஷ்ணமூர்த்திகள் எல்லோரும் பாதியில் நின்றார்கள். பத்திகளை அகலப்படுத்தி மறுபடி முதலிலிருந்து.

இயந்திரம் சரி என்று சொன்னதை வைத்து நாங்கள் சரி என்று எடுத்துக்கொள்ளவில்லை. மகளிர் குழுவினரை மாடிக்குக் கூப்பிட்டு, தெருத் தெருவாக வாசித்தோம். டிடிபி கடைக் காலத்தில் விழுந்த பிழைகளைக்கூட அவர்கள் அன்றைக்குத்தான் பிடித்தார்கள். "அது காசியம்மா இல்ல, காசாம்பு. அவ மாமியாதான் காசியம்மா" என்று ஒருவர் திருத்துவார், இன்னொருவர் அதை மறுப்பார், மூன்றாமவர் தீர்த்து வைப்பார். இறந்தவர்களின் பெயர் வரும்போது வாசிப்பை நிறுத்துவதா என்று தயங்கினேன். "நிறுத்தாத, படி. அதுவும் ஏறியிருக்கணும்ல" என்றார் ஓர் ஆயா. நகல் கேட்டு வந்த பெண்ணின் அம்மா பெயரும் பட்டா எண்ணும் அந்த வாசிப்பில் வந்தன. எண்ணைக் கொண்டுபோய் விண்ணப்பித்து நகல் வாங்கினாள்.

அந்த ஆண்டு மே மாதம் வானாகிரை உலகமெங்கும் பழைய விண்டோஸ் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. திருப்பதி தேவஸ்தானக் கணினிகளும் அதில் மாட்டின. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஒருவர், நம்மது இணையத்திலேயே இல்லையே, பயமில்லை என்றார். அது உண்மைதான். ஆனால் பூட்ட ஒருவர் வெளியிலிருந்து வந்தால்தான் பூட்டு என்றில்லை. எங்கள் பதிவேடு பூட்டிக் கிடந்தது, திருடன் இல்லாமலே.

இன்றைக்கு அந்தப் பதிவேடு மும்பையில் ஒரு தரவு மையத்தில் மாத வாடகைக்கு எடுத்த 64 பிட் மெய்நிகர் சர்வரில் இருக்கிறது. உப்புக்காற்று இல்லை, ரப்பர் இல்லை, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. பார்த்துக்கொள்பவர் தேவனாம்பட்டினத்துப் பெண், ஊரிலேயே இருக்கும் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் படித்தவர். ஸ்ட்ரெட்ச், பஸ்டர், புல்ஸ்ஐ, புக்வோர்ம் என்று ஒரு பதிப்பையும் விடாமல் ஏற்றியிருக்கிறார். ஒவ்வொன்றும் ஒரு மாலை நேரத்து வேலை, நகல் எடுத்துச் சரிபார்க்கும் நேரம் தனி. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே வந்து அமர்கின்றன. அந்தக் காலம்தான் பொற்காலம், இயந்திரத்தைத் தொட்டு அறிந்தோம் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு அந்த ஏக்கம் இல்லை. இன்றைய நிலை எல்லா விதத்திலும் மேல்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சொந்த இயந்திரம் இருந்தபோது பராமரிக்கப் பணம் கேட்டால் கிடைத்ததில்லை. வாங்கியாயிற்றே, இன்னும் என்ன செலவு என்பார்கள். வாடகை சர்வருக்கு மாதம் பிறந்தால் பில் வருகிறது. பில் வருவதால் வரவுசெலவுத் தாளில் அதற்கு ஒரு தலைப்பு வந்தது. தலைப்பு வந்ததும், பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அதே தலைப்பின் கீழ் ஒரு தொகை எழுத முடிந்தது. இத்தனை ஆண்டுகள் கேட்டும் கிடைக்காத சம்பள வரி, சொந்தமாக எதுவும் இல்லாமல் போன பிறகு கிடைத்தது. இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏன் செய்தோம் என்று தமிழில் இரண்டு வரி எழுதி வைக்கிறார். அதையும் வேலை நேரத்தில், சம்பளத்தோடு.

எங்கள் ஊரில் செயின்ட் டேவிட் கோட்டையின் சிதைவைப் பார்க்க வருபவர்கள் உண்டு. 1690இல் ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து வாங்கியது. 1746 முதல் சில ஆண்டுகள் சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைமையிடம். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்தார்கள். கல் போயிற்று. அங்கே உட்கார்ந்து கம்பெனிக்காரர்கள் எழுதிய ஆலோசனைக் குறிப்புகளை மட்டும் இன்றும் படிக்கலாம். சென்னை ஆவணக் காப்பகம் அவற்றை 1930களில் அச்சிட்டது. துணி வாங்கியதையெல்லாம் எழுதிய கம்பெனிக் கணக்குக்கு, மறுபடி மறுபடி படியெடுக்க ஓர் அலுவலகமும் எழுத்தர்களும் சம்பளமும் இருந்தன. அதே மணலில் வாழ்ந்த மீனவப் பெண்களின் பெயர்களுக்கும் அந்த ஏற்பாடு வேண்டும் என்று கேட்பதை நான் அதிகம் என்று நினைக்கவில்லை.

அடுத்த வேலை டெபியன் 13, டிரிக்ஸி. 2025 ஆகஸ்டில் வெளிவந்தது. 32 பிட் பிசிக்களை முழுதாக ஆதரிப்பதை அதோடு நிறுத்திவிட்டார்கள். ரிச்சி தெருவில் வாங்கிய எங்கள் பென்டியத்தில் இனி அதை நிறுவ வழியில்லை. செல்வமகள் பக்கத்தில் முதிர்வுத் தேதி சரியாகவே வருகிறது, ஆனால் முதிர்வுக்கு முன் தாய்க்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டிய நேரத்தை டைம்ஸ்டாம்ப் வகைப் பத்தியில் வைத்திருக்கிறது நிரல். எங்களிடம் இப்போதுள்ள மரியாடிபி தரவுத்தளத்தில் அந்த வகை 2038 ஜனவரி 19ஐத் தாண்டாது, இயந்திரம் 64 பிட்டாக இருந்தாலும். டிரிக்ஸியோடு வரும் மரியாடிபி 11.8இல் அது 2106 வரை நீள்கிறது. எந்தெந்தப் பத்திகள், எந்தெந்தக் குழந்தைகளின் கணக்குகள் என்று அந்தப் பெண் பட்டியல் எடுத்துவிட்டார். வரும் ஏப்ரலில் தடைக்காலம் தொடங்கிய முதல் வாரத்தில் இரண்டு நாள் நிறுத்தம் கேட்டு எழுதிய கடிதத்தில், பெரியவர் நாள் குறித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.